அயர்லாந்து நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கேள்வி கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளின் கில்டேர் தெருவில் லெய்ன்ஸ்டர் ஹவுஸ் என்றொரு பழைய மாளிகை. அதற்குள் அரைவட்டமாக இருக்கைகள் போட்ட ஓர் அவை. அவை கூடும் வாரங்களில் மூன்று நாள் அங்கே எதிர்க்கட்சித் தலைவர்கள் எழுந்து, பிரதமரையோ அவர் இடத்தில் நிற்பவரையோ நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார்கள். இதற்குப் பெயர் 'தலைவர்கள் கேள்வி நேரம்'. தொலைக்காட்சியில் அரை நிமிடத் துண்டாகப் பார்த்தால் வெறும் கூச்சலாகத் தெரியும். அந்தக் கூச்சலுக்கு நிமிடக் கணக்கு உண்டு, வரிசை உண்டு, விதி உண்டு. எது எதற்காக என்று தெரிந்தால்தான் யார் மாட்டினார், யார் தப்பினார் என்பதும் தெரியும்.

முதலில் இந்தப் பெயர்களை எப்படி வாசிப்பது?

அயர்லாந்து அரசியலில் பதவிப் பெயர்கள் ஐரிஷ் மொழியில்தான் வழங்குகின்றன, ஆங்கிலத்தில் பேசும்போதும் அப்படியே. கீழவை 'டால்'. மேலவை 'ஷானட்'. குடியரசுத் தலைவரையும் இரு அவைகளையும் சேர்த்துச் சொல்லும் பெயர் 'எரக்டஸ்'. பிரதமர் 'டீஷக்', துணைப் பிரதமர் 'டானிஷ்ட', சபாநாயகர் 'கியான் கோர்லெ'. கீழவை உறுப்பினரை 'டி.டி.' என்பார்கள். ஐரிஷ் எழுத்தும் உச்சரிப்பும் நம்மை நன்றாகவே ஏமாற்றும் என்பதால், இந்தப் பக்கத்தில் பிரதமர், சபாநாயகர் என்றே எழுதுகிறோம். டால், டி.டி. இரண்டையும் மட்டும் அப்படியே வைத்திருக்கிறோம்.

'எதிர்க்கட்சித் தலைவர்' அங்கே அதிகாரபூர்வமான பதவியா?

இல்லை. அரசியல் சட்டத்தில் அப்படியொரு பதவி கிடையாது. ஆட்சியில் இல்லாத கட்சிகளில் பெரியதற்குத் தலைவர் யாரோ அவரை வழக்கத்தில் அப்படி அழைக்கிறார்கள். 2020 ஜூன் முதல் அது ஷின் ஃபெய்ன் கட்சியின் மேரி லூ மெக்டொனால்ட். 2024 நவம்பர் 29 தேர்தலில் மொத்தம் 174 இடங்களில் ஃபியனா ஃபால் 48, ஷின் ஃபெய்ன் 39, ஃபின கேல் 38 பெற்றன. முதலும் மூன்றாவதும் சில சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்ததால், இரண்டாவது வந்த கட்சி எதிர்வரிசையில் முதலிடத்தில் உட்கார்ந்தது.

அவை விதிகளில் இருக்கும் சொல் வேறு: 'எதிர்வரிசையில் உள்ள ஒரு குழுவின் தலைவர்'. அதாவது பன்மை. கேள்வி கேட்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் உரியதல்ல.

அப்படியானால் யாருக்கெல்லாம் வாய்ப்பு?

குறைந்தது 5 டி.டி.க்கள் உள்ள கட்சி ஒரு குழு. 2016 வரை இது 7 ஆக இருந்தது. ஐந்து பேர் தேறாத சின்னக் கட்சிகளும் சுயேச்சைகளும் கூடி 'தொழில்நுட்பக் குழு' என்று ஒன்று அமைத்துக்கொள்ளலாம். கொள்கை ஒற்றுமையெல்லாம் அதற்குத் தேவையில்லை, பேச நேரம் கிடைப்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. இடதுசாரியும் வலதுசாரியும் ஒரே குழுவில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மிகப் பெரிய எதிர்க்கட்சி முதலில் எழும். அடுத்தடுத்த வாய்ப்புகள் மற்றக் குழுக்களுக்கு முறை வைத்துப் போகும். வழக்கமாக ஒரு நாளில் நான்கு பேர். தலைவர் வரவில்லையென்றால் அவருக்குப் பதிலாகக் கட்சியில் இன்னொருவர் எழலாம். ஷின் ஃபெய்னில் பல நாள் அப்படி எழுபவர் பியர்ஸ் டோஹர்ட்டி.

எந்த நாள், எந்த நேரம்?

செவ்வாய் பிற்பகல் 2 மணி, புதன், வியாழன் நண்பகல் 12 மணி என்பது பழக்கமான அட்டவணை. முதல் இரண்டு நாளும் பிரதமர் பதில் சொல்வார். வியாழன் துணைப் பிரதமர் அல்லது வேறோர் அமைச்சர். பிரதமர் வெளிநாட்டில் இருந்தால் அவர் இடத்தில் இன்னொருவர் நிற்பார். கோடை விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் எதுவும் கிடையாது. நெருக்கடி ஜூலை கடைசியில் வெடித்தால் அரசுக்கு அது நல்ல காலம்.

எட்டு நிமிடக் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

ஒரு தலைவருக்கு ஒதுக்கப்படும் மொத்த நேரம் 8 நிமிடம். கேள்விக்கு 3, பதிலுக்கு 3, துணைக் கேள்விக்கு 1, இறுதிப் பதிலுக்கு 1. நேரம் முடிந்ததும் சபாநாயகர் குறுக்கிடுவார்.

கடைசி நிமிடம் பிரதமருடையது என்பதைக் கவனியுங்கள். அவர் அதில் என்ன சொன்னாலும் எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து மறுக்க முடியாது. உட்கார்ந்தபடி கத்தலாம், அவ்வளவுதான். அதனால் அனுபவப்பட்டவர்கள் தங்கள் வலுவான சான்றை முதல் மூன்று நிமிடத்தில் கொட்டித் தீர்ப்பதில்லை. ஒன்றைக் கையில் வைத்திருந்து அந்த ஒரு நிமிடத் துணைக் கேள்வியில் வீசுவார்கள். பிரதமர் அதைச் சமாளிக்க 60 விநாடிதான் இருக்கும்.

பிரதமருக்குக் கேள்வி முன்கூட்டியே தெரியுமா?

தெரியாது. இந்த நேரத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. எழுத்தில் கொடுக்க வேண்டாம், தலைப்பையும் சொல்ல வேண்டாம். 'பொதுமக்களுக்கு முக்கியமான, நடப்பில் உள்ள விஷயம்' என்பதே நிபந்தனை.

ஆனால் பிரதமர் வெறுங்கையோடு வருவதில்லை. எது வரக்கூடும் என்று ஊகித்துத் துறைகளிலிருந்து குறிப்புகள் வந்து சேரும். ஊகிப்பதும் பெரிய வித்தையல்ல. காலை வானொலிச் செய்தியில் எது ஓடியதோ, நாளிதழின் முதல் பக்கத்தில் எது வந்ததோ, அன்று வெளியான அரசுப் புள்ளிவிவரம் எதுவோ, அதுதான் வரும். எதிர்க்கட்சி உண்மையிலேயே திணறடிக்க நினைத்தால், ஊடகத்தில் இன்னும் வராத ஓர் ஆவணத்தோடு வர வேண்டும். அது அபூர்வம்.

நல்ல கேள்வி எது? எங்கே சொதப்புகிறது?

அவையில் அதிகம் நடக்கும் தவறு, ஒரே மூச்சில் ஐந்து கேள்வி கேட்பது. மூன்று நிமிடத்தில் வீட்டு வாடகை, மருத்துவமனை, மின்கட்டணம் என்று அடுக்கிவிட்டு 'பிரதமர் என்ன செய்யப் போகிறார்?' என்று முடித்தால், ஐந்தில் எளிதானதைப் பிரதமர் பொறுக்கிக்கொள்வார். மூன்று நிமிடத்தையும் அதிலேயே கழித்துவிடுவார்.

டப்ளினில் கட்டப்படும் தேசியக் குழந்தைகள் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 2017இல் ஒப்புதல் தரும்போது செலவு 98.3 கோடி யூரோ. 2018 இறுதியில் 143 கோடி. 2024 பிப்ரவரியில் ஒப்புக்கொண்ட தொகை 224 கோடி. கட்டி முடிக்கும் தேதியும் திரும்பத் திரும்பத் தள்ளிப் போனது. இதைப் பற்றி, நாமே எழுதிப் பார்க்கும் இரண்டு மாதிரிக் கேள்விகள் இதோ.

முதல் மாதிரி: 'மக்கள் பணத்தை இப்படி வாரி இறைத்ததற்கு இந்த அரசு வெட்கப்படுகிறதா?'

இரண்டாம் மாதிரி: 'கட்டடத்தை ஒப்படைக்கும் தேதி என்று ஒப்பந்ததாரர் அமைச்சருக்குக் கடைசியாக எழுத்தில் கொடுத்தது எந்தத் தேதி? அந்தக் கடிதம் உங்கள் கைக்கு எப்போது வந்தது?'

முதலாவதற்குக் கைதட்டல் கிடைக்கும். பதிலாகப் பிரதமர் குழந்தைகளின் நலன், உலகத் தரம், கட்டுமானப் பொருள் விலையேற்றம் என்று மூன்று நிமிடம் சுகமாகப் பேசிவிடுவார். இரண்டாவதற்குத் தேதி சொல்ல வேண்டும், அல்லது தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது நழுவ வேண்டும். மூன்றும் அவைக் குறிப்பில் ஏறும். தேதி சொல்லிவிட்டால் இன்னும் நல்லது, அந்தத் தேதி தவறும் நாளில் அதே வாக்கியத்தை எடுத்து வாசிக்கலாம்.

இதற்கு நல்ல சாட்சி வீட்டுக் கணக்கு. 2024 தேர்தலுக்கு முன் அந்த ஆண்டில் 40,000க்கு நெருக்கமாக வீடுகள் கட்டி முடியும் என்று அரசுத் தரப்பு சொல்லிவந்தது. 2025 ஜனவரியில் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட எண்ணிக்கை 30,330. அரசே வைத்த இலக்கு 33,450, அதையும் எட்டவில்லை. 'எங்களை ஏமாற்றினீர்கள்' என்பதை எதிர்க்கட்சி அதற்குப் பிறகு எத்தனை முறை சொன்னாலும் எடுபடுவதற்குக் காரணம், முன்பு சொன்ன எண்ணும் பின்பு வந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான்.

இன்னொரு பொறி, மனிதக் கதை. ஒரு நோயாளியின் அல்லது ஒரு தாயின் நிலையைச் சொல்லித் தொடங்குவது அங்கே நெடுநாள் வழக்கம், வலுவானதும்கூட. ஆனால் அந்தக் கதையில் ஒரே ஒரு விவரம் பிசகினாலும் பிரதமர் அதைப் பிடித்துக்கொள்வார். 'தனி நபர் விவரத்தை நான் இங்கே பேச முடியாது, எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்' என்பதோடு விஷயம் மூடப்படும். குடும்பத்தின் சம்மதம், சரியான தேதிகள், மருத்துவமனையின் கடிதம் மூன்றும் கையில் இல்லாமல் தொடங்காமல் இருப்பது நல்லது.

பிரதமர் எப்படியெல்லாம் நழுவுகிறார்?

இந்தக் கலையில் நான்கைந்து அடவுகள்தான். 'இதை எழுப்பியதற்கு நன்றி' என்று வேகத்தைத் தணிப்பது. ஒதுக்கிய கோடிகளைப் பட்டியலிட்டு, விளைந்ததைச் சொல்லாமல் விடுவது. 'பல ஆண்டுகளுக்கு முன்...' என்று பழைய நிலையோடு ஒப்பிடுவது. 'உங்கள் மாற்றுத் திட்டம் என்ன?' என்று திருப்பிக் கேட்பது.

ஷின் ஃபெய்ன் கேட்கும்போது மட்டும் பயன்படும் ஓர் அடவு தனியாக உண்டு. அந்தக் கட்சி, பிரிட்டனின் பகுதியான வடக்கு அயர்லாந்தில் ஆட்சியில் பங்கு வகிக்கிறது. அதன் மிஷெல் ஓ'நீல் 2024 பிப்ரவரி முதல் அங்கே முதல் அமைச்சர். எனவே மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலைப் பற்றி மெக்டொனால்ட் கேட்டால், 'எல்லைக்கு வடக்கே உங்கள் பட்டியல் எவ்வளவு நீளம்?' என்ற எதிர்க்கேள்வி ஏறத்தாழ உறுதி. பெல்ஃபாஸ்டில் உள்ள வடக்கு அரசின் நிதி லண்டனிலிருந்து வருகிறது என்பது ஷின் ஃபெய்னின் வழக்கமான மறுமொழி. இந்த இரண்டு வரியில் எட்டு நிமிடமும் கரைந்த நாள்கள் உண்டு. தெற்கே வரிசையில் காத்திருப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் சபாநாயகர் கட்டாயப்படுத்த மாட்டாரா?

மாட்டார். பதிலின் தரத்துக்குச் சபாநாயகர் பொறுப்பல்ல என்பது டாலில் பழகிப்போன தீர்ப்பு. நேரம், ஒழுங்கு, விதி மூன்றையும் மட்டுமே அவர் பார்க்கிறார். 'சபாநாயகர் அவர்களே, அவர் பதிலே சொல்லவில்லை' என்று ஒரு டி.டி. கத்துவது தொலைக்காட்சிக்காக.

வேறு வழிகளில் கேள்வி கேட்க முடியாதா?

முடியும். உருப்படியான வேலை அங்கேதான் நடக்கிறது என்பது எங்கள் கருத்து.

அமைச்சர்களுக்கான வாய்மொழிக் கேள்விகள் சுழற்சி முறையில் வரும். ஓர் அமைச்சரின் முறை வரும் நாளில் ஒன்றரை மணி நேரம் அவர் நிற்க வேண்டும். முதலில் 'முன்னுரிமைக் கேள்விகள்' ஐந்து வரை. எதிர்க்குழுக்கள் நியமித்த டி.டி.க்களுக்கு மட்டும் உரியவை. கேள்வியை அறிமுகப்படுத்த 30 விநாடி, அமைச்சருக்கு 2 நிமிடம், பிறகு இருவரும் மாறி மாறி இரண்டு சுற்று ஒவ்வொரு நிமிடம். மொத்தம் ஆறரை நிமிடம். அது முடிந்ததும் சாதாரண வாய்மொழிக் கேள்விகள். அவற்றின் வரிசை குலுக்கலில் தீர்மானமாகிறது. உங்கள் கேள்வி எண் 47 என்றால் அன்று உங்களுக்குப் பேச்சு இல்லை, எழுத்துப் பதில்தான். எண் நல்லதாக விழுந்தும் நேரத்துக்கு அவையில் இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

பிரதமரிடம் முன்னறிவிப்போடு கேட்கும் கேள்விகளும் தனியாக உண்டு. தலைவர்கள் கேள்வி நேரத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பிரதமரின் சொந்தத் துறை, அமைச்சரவைக் குழுக்கள், வெளிநாட்டுச் சந்திப்புகள் பற்றியது. ஒரே மாதிரியான பல கேள்விகளைச் சேர்த்துக் கட்டி ஒரே பதில் தருவார்கள். சோறு சற்று ஆறியிருக்கும்.

'கொள்கை அல்லது சட்டம் பற்றிய கேள்விகள்' என்று இன்னொரு நேரம். ஒரு நிமிடம் கேள்வி, ஒரு நிமிடம் பதில். முன்பு இந்த இடத்தில், அரசு உறுதியளித்த மசோதாக்களைப் பற்றி மட்டுமே கேட்கலாம் என்ற விதி இருந்தது. விளைவு சுவையானது. தன் தொகுதியில் சாலை பழுது என்று சொல்ல வந்த டி.டி., ஏதாவதொரு மசோதாவின் பெயரை முதலில் உச்சரித்து, அதன் முதுகில் சாலையை ஏற்றிவிடுவார். மசோதாவுக்கும் சாலைக்கும் என்ன தொடர்பு என்று சபாநாயகர் கேட்பதற்குள் ஊர்ப் பெயர் அவைக் குறிப்பில் ஏறியிருக்கும்.

உள்ளூர்ப் பிரச்சினைக்கு நேரான வழி, 'நடப்பு விவகார விவாதம்'. ஒரு நாளில் நான்கு விவகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம்: டி.டி.க்கு 4, அமைச்சருக்கு 4, மறுபடி 2, 2. சம்பந்தப்பட்ட அமைச்சரே வராமல் வேறோர் இணை அமைச்சர் வந்து தாளைப் படித்துவிட்டுப் போவதுதான் இங்கே நிரந்தரப் புகார்.

எழுத்துக் கேள்விக்கு அமைச்சகங்கள் ஏன் அஞ்சுகின்றன?

அதில் கூச்சல் இல்லை, கேமரா இல்லை. ஆனால் அதிகாரி ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும். அமைச்சர் பெயரில் எழுத்தில் பதில் போகும். தவறானால் திருத்தியாக வேண்டும்.

2017 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். காவல்துறைக்குள் முறைகேடுகளை வெளிப்படுத்திய சார்ஜென்ட் மாரிஸ் மெக்கேப் விஷயத்தில், 2015இல் நடந்த விசாரணை ஆணையத்தில் காவல்துறையின் வழக்கறிஞர்கள் கையாண்ட உத்தி நீதித்துறை அமைச்சகத்துக்கு எப்போது தெரியும் என்று லேபர் கட்சியின் ஆலன் கெல்லி விடாமல் கேள்வி அனுப்பினார். கேள்வி குறுகலானது: யாருக்கு, எப்போது தெரியும்? முதலில் வந்த பதில்கள் முழுமையாக இல்லை. பிறகு 2015 மே மாத மின்னஞ்சல் ஒன்று வெளிவந்தது. அப்போது நீதித்துறை அமைச்சராக இருந்து, 2017இல் துணைப் பிரதமர் ஆகியிருந்த பிரான்சஸ் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அது அனுப்பப்பட்டிருந்தது. பிரதமர் லியோ வரட்கர் தலைமையிலான சிறுபான்மை அரசை வெளியிலிருந்து தாங்கிய ஃபியனா ஃபால் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குத் தயாரானது. தேர்தல் வந்துவிடும் என்ற நிலையில் நவம்பர் 28 அன்று ஃபிட்ஸ்ஜெரால்டு பதவி விலகினார்.

கதை அதோடு நிற்கவில்லை. மெக்கேப் விவகாரத்தை விசாரித்த சார்ல்டன் தீர்ப்பாயம் 2018 அக்டோபரில் தந்த அறிக்கை அவர் தவறு செய்யவில்லை என்றே சொன்னது. அவரை வீழ்த்தியது அந்த மின்னஞ்சலின் உள்ளடக்கத்தைவிட, அவைக்குத் தகவல் துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்த விதம்தான்.

இன்னும் பழைய உதாரணம், மாட்டிறைச்சித் தொழிலின் முறைகேடுகளை விசாரித்த 1990களின் மாட்டிறைச்சித் தீர்ப்பாயம். 1991இல் தொடங்கி 1994இல் அறிக்கை தந்தது. டாலில் கேட்ட கேள்விகளுக்கு, தீர்ப்பாயத்தில் சொல்வது போல ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்த விசாரணைக்கே தேவை இருந்திருக்காது என்ற பொருளில் அதன் தலைவரான நீதிபதி லியாம் ஹாமில்டன் சொன்னார். அரசுகள் மாறின, அந்த வாக்கியத்துக்கு மட்டும் வேலை குறையவில்லை.

எழுத்துக் கேள்வியில் என்ன தவறு நேர்கிறது?

சுகாதாரத்தில்தான் அதிகம். அயர்லாந்தில் மருத்துவச் சேவையை நடத்துவது எச்.எஸ்.இ. என்னும் தனி நிறுவனம். 'இது சேவை சார்ந்த விஷயம், நேரடியாக உங்களுக்குப் பதில் அளிக்குமாறு எச்.எஸ்.இ.யைக் கேட்டிருக்கிறேன்' என்ற பொருளில் ஓர் அச்சு வாசகம் அமைச்சரிடமிருந்து வரும். பதில் பிறகு தனியாக வந்தாலும், அமைச்சர் வாயால் வந்ததாக அது ஆகாது. இதைத் தவிர்க்க, 'எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்?' என்று கேட்காமல் 'இது குறித்து அமைச்சருக்கு எச்.எஸ்.இ. அளித்த அறிக்கைகளின் தேதிகள் எவை?' என்று கேட்க வேண்டும். அறிக்கை அமைச்சர் மேசைக்கு வந்தது. அதற்கு அவரே பொறுப்பு.

அமைச்சருக்கு அவையின் முன் பொறுப்பில்லாத விஷயம், சமீபத்தில் பதில் கிடைத்த அதே கேள்வி, நீதிமன்ற விசாரணைக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடியது, சட்டத்துக்கு விளக்கம் கேட்பது போன்றவை சபாநாயகர் அலுவலகத்திலேயே தள்ளுபடியாகும்.

பிரதமரைப் 'பொய்யர்' என்று சொல்லலாமா?

கூடாது. சக உறுப்பினர் பொய் சொல்கிறார் என்பது அவைக்கு ஒவ்வாத பேச்சு. திரும்பப் பெறச் சொல்வார்கள். மறுத்தால் வெளியே போகச் சொல்வார்கள், அதற்கும் மசியாவிட்டால் பெயர் குறிப்பிட்டு வாக்கெடுப்பின் மூலம் இடைநீக்கம். அதனால்தான் 'அவையைத் தவறாக வழிநடத்தினார்', 'உண்மையோடு சிக்கனமாக இருக்கிறார்' போன்ற சுற்றுவழிகள். சபாநாயகர்களின் தீர்ப்புத் தொகுப்பில் கோழை, பாசாங்குக்காரர், பஃபூன், எலி, ஃபாசிஸ்ட் என்று தடைபட்ட சொற்களின் பட்டியலே இருக்கிறது.

2009 டிசம்பரில் பசுமைக் கட்சியின் பால் கோகர்ட்டி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரை நான்கெழுத்து ஆங்கில வசைச் சொல்லால் திட்டிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டார். தேடிப் பார்த்தபோது அந்தச் சொல் பட்டியலில் இல்லை. அதை யாரும் அவையில் சொல்வார்கள் என்று பட்டியல் போட்டவர்களுக்குத் தோன்றவே இல்லை போலும்.

அவையில் பேசியதற்காக வழக்குப் போட முடியுமா?

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அவைக்குள் சொன்னதற்காக எந்த நீதிமன்றத்துக்கும் உறுப்பினர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவைக்கு மட்டுமே. அதே வாக்கியத்தை வாசல் படியில் நின்று பத்திரிகையாளரிடம் சொன்னால் பாதுகாப்பு இல்லை. 2015 மே மாதம் கேத்தரின் மர்ஃபி என்ற டி.டி. ஒரு பெருந்தொழிலதிபரின் வங்கிக் கடன் பற்றி அவையில் பேசினார். நீதிமன்றத் தடை ஒன்று நிலுவையில் இருந்ததால் அதை வெளியிடலாமா என்று ஊடகங்கள் தயங்கின. அவையில் பேசியதை வெளியிட அந்தத் தடை பொருந்தாது என்று சில நாளில் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகே செய்தி வெளிவந்தது.

2025இல் பேச்சு உரிமைக்காகப் பெரிய ரகளை நடந்ததே, என்ன அது?

அரசை ஆதரிப்பதாக ஒப்புக்கொண்ட சுயேச்சைகளில் மைக்கேல் லோரி உள்ளிட்ட சிலர் எதிர்வரிசைக்கான பேச்சு நேரத்தில் பங்கு கேட்டார்கள். ஆதரவு அங்கே, கேள்வி இங்கே என்றால் எப்படி என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. 2025 ஜனவரி 22 அன்று பிரதமரைத் தேர்ந்தெடுக்கவே முடியாமல் அவை ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் 95க்கு 76 என்ற வாக்கில் மீஹால் மார்ட்டின் பிரதமரானார். தகராறு தீரவில்லை. மார்ச் 25 அன்று விதி திருத்தம் கூச்சலுக்கு நடுவே நிறைவேறியது. தலைவர்கள் கேள்வி நேரம் எதிர்க்கட்சிக்கே இருக்கும், அமைச்சர் பதவி இல்லாத அரசுப் பின்வரிசையினரும் அந்தச் சுயேச்சைகளும் கேட்பதற்கு 'பிற உறுப்பினர் கேள்விகள்' என்று 8 நிமிடம் தனியாக என்பது ஏற்பாடு. அந்த நாளை நடத்திய விதத்துக்காக, அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணான சபாநாயகர் வெரோனா மர்ஃபி மீது எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தன. அவர் தப்பினார்.

எட்டு நிமிடத்துக்கா இவ்வளவு என்று தோன்றும். எதிர்க்கட்சியிடம் இருப்பது நேரம் ஒன்றுதான். அரசை ஆதரிப்பவர் எழுந்து பிரதமரிடம் 'உங்கள் சாதனையைச் சொல்லுங்கள்' என்று கேட்கும் நேரம் எதிர்க்கட்சிக் கணக்கில் கழிந்தால் யார் பொறுப்பார்கள்?

கேள்வியால் அரசு கவிழுமா?

கேள்வியால் கவிழாது, வாக்கால் கவிழும். டாலின் பெரும்பான்மை ஆதரவை இழந்த பிரதமர் பதவி விலக வேண்டும், அல்லது அவையைக் கலைக்கும்படி குடியரசுத் தலைவரைக் கேட்க வேண்டும். அவர் மறுக்கவும் அதிகாரம் உண்டு. நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுக் கவிழ்ந்தவை 1982 நவம்பரிலும் 1992 நவம்பரிலும் இருந்த அரசுகள். 1982 ஜனவரியில் கவிழ்ந்தது பட்ஜெட் வாக்கெடுப்பில். குழந்தைகளின் செருப்புக்கு மதிப்புக் கூட்டு வரி போட்டது அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தால், அரசு முந்திக்கொண்டு நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவருவது வழக்கம். அப்போது முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அரசுக்குக் கிடைக்கும்.

இந்திய மக்களவைக் கேள்வி நேரத்தோடு ஒப்பிடலாமா?

ஓரளவு. நட்சத்திரக் கேள்விக்கு நெருக்கமானது டாலின் வாய்மொழிக் கேள்வி, நட்சத்திரமிடாத கேள்விக்கு எழுத்துக் கேள்வி. முன்னறிவிப்பே இல்லாமல் வாரத்துக்கு இருமுறை பிரதமர் எழுந்து நின்று பதில் சொல்லும் ஏற்பாடுதான் டெல்லியில் இல்லாதது. நம் அரசியல் சட்டம் வழிகாட்டு நெறிமுறைகளை அயர்லாந்திடமிருந்து எடுத்துக்கொண்டது. இதை எடுத்துக்கொள்ளவில்லை.

நேரில் பார்க்கலாமா? பதிவு எங்கே கிடைக்கும்?

பார்வையாளர் மாடத்துக்கு ஒரு டி.டி. அல்லது செனட்டரின் அழைப்பும் அடையாள அட்டையும் வேண்டும். தொலைவிலிருந்து பார்க்க எரக்டஸ் தொலைக்காட்சி நேரலை உண்டு. 1919 ஜனவரி 21 அன்று கூடிய முதல் டாலில் தொடங்கி அதிகாரபூர்வ விவாதப் பதிவுகள் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒரு விவகாரத்தைத் தொடர வேண்டுமென்றால் காணொளியோடு நிறுத்த வேண்டாம். தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த இரண்டு மூன்று வாரங்களின் எழுத்துப் பதில்களில் அதே சொல்லைத் தேடுங்கள். தலைவர் செவ்வாய்க்கிழமை கேட்டதையே அந்தக் கட்சியின் துறைப் பேச்சாளர் எழுத்தில் திரும்பக் கேட்டிருப்பார். பிரதமர் அவையில் சொன்ன எண்ணும் அமைச்சகம் எழுதிக் கொடுத்த எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். ஒன்றாக இல்லாத வாரத்தில், அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு யார் எதை எடுத்துக்கொண்டு எழுவார் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.